வெளித் தாழ்ப்பாள்

என் அம்மாவுக்கு ஒரு பழக்கம். வீட்டை விட்டு வெளியே கால் வைத்தால், உள்ளே யார் இருந்தாலும் கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் நகர்வாள். பால் வாங்கப் போனாலும் அப்படித்தான், தெருக்குழாய்க்குப் போனாலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டால் சன்னல் கம்பிக்குள் கையை விட்டு, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு, "அக்கா, அந்தத் தாப்பாளைச் சித்த எடுத்துவிடுங்க" என்று கெஞ்சுவது எனக்குத் தினப்படி வேலை. நாங்கள் குடியிருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் எல்லோருக்கும் அது ஒரு வேடிக்கை.

போன வருசம் அந்த வேடிக்கை எல்லை மீறிவிட்டது. எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க ஒரு குடும்பம் வந்திருந்தது. பேச்சு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் பெரியப்பா வெற்றிலை எச்சிலைத் துப்ப எழுந்து போனார். கதவைத் தள்ளினார். இழுத்தார். எச்சில் வழியாமல் அண்ணாந்தபடி எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, வெளிய தாப்பா போட்டிருக்குதுங்களே?"

"பயந்துக்காதீங்க. எங்கூட்டுக்காரி மிச்சர் வாங்கப் போயிருக்கறா" என்றார் அப்பா.

"மிச்சர் வாங்கப் போனா எங்களை எதுக்குங்க உள்ள வெச்சு அடைக்கோணும்?"

அம்மா பொட்டலத்தோடு வந்து கதவைத் திறந்தபோது பெண் வீட்டார் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று மறுநாள் சொல்லி அனுப்பினார்கள். "ஜாதகமெல்லாம் பொருந்தீருச்சு சாமி, கதவுதான் பொருந்தல" என்று அப்பா வெகு நாள் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அம்மாவின் கை ஏன் அப்படித் தாழ்ப்பாளுக்குப் போகிறது என்று நான் கேட்டதே இல்லை. அம்மாக்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும், எங்கள் அம்மாவுக்கு இது என்று நினைத்திருந்தேன்.

இந்த வருசம் மல்லசமுத்திரத்துக்கு வெளியே ஒரு வீடு கட்டினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அப்பாவும் அம்மாவும் பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிப் பட்டறைகளில் தறி ஓட்டியவர்கள். பட்டறைக்காரர் கட்டிவிட்ட லைன் வீட்டில்தான் நான் வளர்ந்தேன். அந்த வீட்டுக்கு ஒரு தகரக் கதவு. மழைக்கு அடித்தகரம் துருப்பிடித்து உதிர்ந்து, பக்கத்து வீட்டுக் கோழி கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து போகும். உள் பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. இரவில் அப்பா அம்மிக்கல்லை நகர்த்தி முட்டுக் கொடுப்பார். கதவு என்றாலே அப்படித்தான் இருக்கும் என்றுதான் எனக்கு எண்ணம். கல்லூரி விடுதிக்குப் போன பிறகுதான் உள்ளேயும் தாழ்ப்பாள் இருக்கும் என்று தெரிந்தது.

ஆகவே புது வீட்டில் தலைவாசல் கதவு மட்டும் என் அம்மா பார்த்துப் பிரமிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். தரைக் கல்லை எஞ்சினியர் தேர்ந்தெடுத்தார், சுவர் நிறத்தைப் பெயிண்டர் தேர்ந்தெடுத்தார். கதவு என் பொறுப்பு. வாசல் கிழக்குப் பார்த்தது. காலை வெயிலும் ஐப்பசிச் சாரலும் நேராக அடிக்கும். தேக்கு வெயிலுக்கு வெளிறுமா, பிளைவுட் ஈரத்துக்கு உப்புமா, இரும்புக் கதவு எத்தனை கனம் இருந்தால் ஒடுக்கு விழாது என்று பார்த்த வீடியோக்களை எல்லாம் சேர்த்தால் ஒரு பட்டம் வாங்கியிருக்கலாம். மேஸ்திரி வேறு நச்சரித்துக்கொண்டே இருந்தார். "ஏனுங்க வாத்தியாரே, ஊடெல்லாம் முடிஞ்சு வாசல் மட்டும் பொக்கை வாயாட்டம் நிக்குதுங்க. நிலவு வெக்க நல்ல நாளு போயிட்டே இருக்குது." நிலவு என்றால் எங்கள் பக்கம் கதவு நிற்கிற சட்டம். அதை வைப்பதே ஒரு விசேசம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். கதவுகள் மட்டுமே விற்கிற ஒரு பெரிய கடை. உள்ளே போனதும் மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டோம். சுவரே இல்லாமல் வெறும் கதவுகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றைத் திறந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு கதவு. விலை எழுதிய அட்டையை நான் படித்துச் சொன்னதும் அப்பா அந்தக் கதவுக்கு ஒரு கும்பிடு போட்டார். "இதுக்குள்ள ஊடும் சேத்துக் குடுப்பாங்களா, கேளு."

கடைக்காரத் தம்பி நல்ல மாதிரி. டை கட்டியிருந்தார், பொறுமையாகப் பேசினார். நான் ஏற்கெனவே மனதில் குறித்து வைத்திருந்த கதவின் முன் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார். இரும்பு; ஆனால் பார்த்தால் தேக்குதான். ரேகை எல்லாம் ஓடுகிறது. அப்பா விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, அது மரமில்லை என்றதும் ஏமாற்றப்பட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவி வேண்டாம், விரலை வைத்தால் திறக்கும்.

"அம்மா, உங்க விரலை வைங்க, பதிஞ்சு காட்டுறேன்" என்றார் தம்பி.

அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வைத்தாள். பீப் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த விரலுக்கும் அதே சிவப்பு.

"ரேசன் கடையிலயும் இப்படித்தானுங்க தம்பி. நூலு புடிச்சுப் புடிச்சு ரேகையெல்லாம் போயிருச்சு."

"அப்ப இந்தக் கதவுக்கு நீ திருடி" என்றார் அப்பா.

அம்மா சிரித்துக்கொண்டே கதவைச் சுற்றி வந்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். எதையோ தேடினாள்.

"ஏந்தம்பி, வெளித் தாப்பா எங்க?"

"வெளியில தாழ்ப்பாள் எதுக்கும்மா? வீட்ல ஆள் இருந்தா உள்ள தாழ்ப்பாள். யாரும் இல்லன்னா பூட்டு."

"உள்ள ஆளு இருந்தாத்தானுங்களே வெளிய தாப்பா போடறது?"

தம்பி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பெண் வீட்டாரை அடைத்து வைத்த கதையை அவரிடம் சொல்லக்கூடத் தொடங்கினேன். அப்பா மட்டும் சிரிக்காமல் வேறு கதவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

கடையின் கோடியில் சின்ன அறை ஒன்று. அதே கதவை அங்கே முறையாகப் பொருத்தி வைத்திருந்தார்கள், வாங்குகிறவர்கள் மூடித் திறந்து பார்ப்பதற்காக. "உள்ள போய் நின்னு பாருங்கம்மா. வெளிய மேளம் அடிச்சாலும் உள்ள கேக்காது. சுத்தி ரப்பர் வெச்சிருக்கு" என்றார் தம்பி. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி உள்ளே போனாள். அவர் கதவைச் சாத்தினார். உள்ளுக்குள் இரும்பு நாக்குகள் ஒவ்வொன்றாய் நகர்ந்து பொருந்தின. எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

தம்பி ரப்பரைப் பற்றிச் சொன்னார். வண்ணம் உரியாது என்றார். நானும் வீடியோவில் பார்த்ததை வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாதான் கதவில் உள்ளங்கையை வைத்தார். தறி ஓடும்போது கை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுகிறவர் அவர். முகம் மாறியது.

"தட்டறா" என்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே?"

"தட்டறாடா! தெறங்க தம்பி! தெறங்கன்னா!"

அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். தம்பி பதறி விரலை வைத்தார்; வேர்த்த விரலை அது ஏற்கவில்லை. சிவப்பு. சட்டையில் துடைத்து மறுபடி வைத்தார். கதவு திறந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தது கூட இல்லை, குப்புறக் கவிழ்ந்து, கதவின் அடி இடுக்கு இருந்த இடத்தில் வாயை வைத்திருந்தாள். உள்ளங்கை கதவைத் தட்டிய நிலையிலேயே அந்தரத்தில் நின்றது. எங்களை நிமிர்ந்து பார்த்தாள். நான் யார் என்பது அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

"அண்ணன் போயிட்டாங்களா?" என்றாள்.

அங்கே எந்த அண்ணனும் இல்லை. அம்மாவின் ஒரே அண்ணன், என் தாய்மாமன், சங்ககிரிப் பக்கம் தன் ஊரில் இருந்தார். தம்பி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "சாரிங்க, கைப்பிடியை மேல தூக்கினா உள்ளயிருந்து திறந்துக்கும், சொல்ல மறந்துட்டேன், சாரிங்கம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த தெருவில் ஒரு பேக்கரி. டீயை வாங்கி முன்னால் வைத்துவிட்டு நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பன்னைப் பிய்த்து டீயில் தொட்டுச் சாப்பிட்டாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. அப்பாதான் ஆரம்பித்தார்.

"பட்டறையில நைட் சிப்ட்டுல வெளிய பூட்டிருவாங்கல்ல, அந்த நெனப்பு வந்திருச்சாட்டம் இருக்குது."

"எதைப் பூட்டுவாங்க?"

"பட்டறையத்தான்."

"உள்ள யாரு இருப்பாங்க?"

"நாங்கதான் இருப்போம். வேற யாரு இருப்பா?"

டீ கிளாஸ் என் கையிலேயே நின்றது. நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடந்து வந்த பட்டறை அது. அதன் கதவில் வெளியே நீளமாக ஒரு தாழ்ப்பாள் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதில் பூட்டுத் தொங்கியதையும் பார்த்திருக்கிறேன். உள்ளே ஆட்களை வைத்துப் பூட்டுவதற்கு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"எதுக்குப் பூட்டுனாங்க?"

"நூல் கோன் களவு போகுதுன்னு. அப்பறம் எவனாச்சும் பாதியில ஊட்டுக்குப் போயிருவான்னு. சாயங்காலம் பூட்டுனா விடியக்காலம் பட்டறைக்காரரு வந்து தொறப்பாரு."

"தீப்பிடிச்சா?"

அப்பா யோசித்தார். அவர் உண்மையாகவே யோசித்தார், அதுதான் என்னை உலுக்கியது. "புடிக்கலியே" என்றார்.

"போலீசுல சொல்லலீங்களா?"

"என்னன்னுடா சொல்றது? வேலை குடுத்தாருன்னா? நல்ல மனுசன். தீவாளிக்கு உனக்கும் சேத்துத் துணி எடுத்துக் குடுப்பாரு." லைன் வீட்டுக் கதவுகளையும் பட்டறைக் கதவைச் செய்த ஆசாரிதான் செய்தாராம், அளவை மட்டும் குறைத்து. அதனால்தான் அங்கேயும் வெளியே மட்டும் தாழ்ப்பாள். நாங்கள் இரவுதோறும் அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்ததற்குக் காரணம் அது.

பிறகு அம்மா சொன்னாள். அழவில்லை. பன் துணுக்குகளை விரலால் ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டே சொன்னாள்.

நான் கைக்குழந்தை. பட்டறைக்குள்ளேயே, தறிக்கும் சுவருக்கும் நடுவில், புடவைத் தொட்டிலில் தூங்குகிறேன். அப்பாவுக்கு அன்று வேறு பட்டறையில் வேலை. தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. திடீரென்று கரண்ட் போனது. தறிகள் நின்றன. அப்போதுதான் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. எவ்வளவு நேரமாகத் தட்டிக்கொண்டிருந்தாரோ, மாமா.

"சைக்கிள்லயே வந்திருக்கறாங்க. கதவுக்கடியில படுத்துக்கிட்டு, 'அம்மிணி, நம்மளப் பெத்த ஆத்தா போயிருச்சு'ன்னாங்க. சாவிக்குப் போனா பட்டறைக்காரரு ஈரோட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாராமா. ஒடைக்கலாம்னாங்க. வேண்டாமுங்கண்ணா, வம்பாயிரும்னேன். அவிய அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டாங்க, நானு இந்தப் பக்கம். ஆத்தா கடைசியா என்ன சாப்புட்டுச்சுன்னு கேட்டேன். கஞ்சின்னாங்க. அதுக்குள்ள கரண்டு வந்திருச்சு."

"வந்ததும்?"

"தறி ஓட்டோணுமல்ல சாமி. காலையில துணி எங்கன்னு கேப்பாங்கல்ல."

பேக்கரியில் யாரோ முட்டை பப்ஸுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அது முடியட்டும் என்று இருந்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"மறுக்காக் கரண்டு போறப்ப ஓடியாந்து கதவுக்கிட்டப் படுத்து, 'அண்ணா'ன்னு கூப்புட்டேன். சத்தத்தையே காணோம். கொள்ளி வெக்கறவங்க அவியதான, எத்தனை நேரம் இருப்பாங்க? போறேன்னு சொல்லியிருப்பாங்க. தறிச் சத்தத்துல எனக்குக் கேக்கல. அவ்வளவுதான். காலையில தொறந்துவிட்டு நானு போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு."

அப்புறம் என் தட்டைப் பார்த்து, "நீ ஏன் திங்கல?" என்றாள்.

தட்டில் இருந்த பன்னை எடுத்து மறுபடி அங்கேயே வைத்தேன். ஆட்களை வைத்துப் பூட்டிய இடத்தில் இத்தனை வருசம் வாழ்ந்து, இருவருக்கும் அதைப் பற்றிச் சொல்ல ஒரு கோபமான வார்த்தை கூடக் கிடைக்கவில்லை. அது அந்த வேலையின் ஒரு பகுதி, பாவு நூல் ஏற்றுவது போல, தறிக்கு எண்ணெய் விடுவது போல. உள்ளே ஆள் இருந்தால் வெளியே தாழ்ப்பாள் போடு என்று அவள் கை அங்கேதான் கற்றிருக்கிறது. என்னை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பால் வாங்கப் போனது, குழந்தையைப் பத்திரமாக வைப்பதென்றால் அப்படித்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததால்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள். "கதவு நல்லாத்தான் இருக்குது சாமி. நீ ஆசைப்பட்டதையே வாங்கிப் போடு. ஆனா நீயும் உங்கப்பனும் இருந்துக்கங்க. நானு லைன் ஊட்டுலயே இருந்துக்கறேன். அங்க தகரத்துல ஓட்டை இருக்குது. யாரு கூப்புட்டாலும் கேக்கும்."

அம்மா வராத வீட்டுக்குக் கதவு எதற்கு? மேஸ்திரி போன் செய்தபோது நிலவு வைக்கிற நாளை ஒத்திப்போடச் சொன்னேன். வாரம் முழுவதும் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்று கதவையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அப்பாதான் வழி சொன்னார். "அவளுக்கு அழகெல்லாம் வேண்டாம்டா. சத்தம் கேக்கோணும். உள்ள இருக்கறவங்க கையில தெறக்கோணும். அப்படியொண்ணு செய்யமாட்டாங்களா என்ன?"

அடுத்த ஞாயிறு அதே கடைக்குப் போனோம். அம்மா வாசலிலேயே நின்றாள். டை கட்டிய தம்பி எங்களைக் கண்டதும் வந்து, "அம்மா, உள்ள வாங்க. நான் எல்லாக் கதவையும் திறந்தே வெச்சிருக்கேன்" என்றார். நிஜமாகவே அந்த வரிசை முழுக்கத் திறந்து வைத்திருந்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடையின் மரக்கதவுப் பகுதியில் அது இருந்தது. நல்ல தேக்கு, கனமான பலகை, பூ வேலை இல்லாமல் நேர்க்கோடுகள் மட்டும். முக உயரத்தில் ஒரு சின்னச் சன்னல், பித்தளைக் கம்பியோடு. அதற்கு உள்பக்கமாகத் திறக்கிற குட்டிக் கதவு. அம்மா பின்னால் போய் நின்றுகொண்டு அந்தக் குட்டிக் கதவைத் திறந்தாள். அப்பாவை எதிர்ப்பக்கம் நிற்கச் சொன்னாள்.

"ஏதாச்சும் பேசுங்க."

"என்னத்தப் பேசறது?"

"கேக்குது, கேக்குது."

"இத்தனை வருசமா நான் பேசுனது ஒண்ணும் கேக்கல, இதுல கேக்குதாக்கும்" என்றார் அப்பா.

வெளியே சாவி, உள்ளே திருகுகிற குமிழ். வெளியிலிருந்து பூட்டினாலும் உள்ளே இருக்கிறவர் திருகினால் திறந்துவிடும். அம்மா அதை நம்பவில்லை. தன்னைக் கதவுக்கு உள்பக்கம் நிறுத்திவிட்டுப் பூட்டச் சொல்லிக் கேட்டது அவள்தான். தம்பி தயங்கினார். நான் பூட்டினேன். குமிழ் திரும்பியது, கதவு திறந்தது. மறுபடி பூட்டச் சொன்னாள். மறுபடி. கடையில் வேறு யாரும் கதவு பார்க்க முடியாமல் நாங்கள் அந்த ஒரு கதவையே பூட்டித் திறந்துகொண்டிருந்தோம். கடைசியில் உள் பக்கத்துக்கு முழங்கை நீளப் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றை அவளே எடுத்தாள். வெளிப் பக்கத்துக்கும் ஒரு தாழ்ப்பாள் வேண்டுமா என்று தம்பி வாய் தவறிக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தேக்கில் வெயிலும் சாரலும் படாமலிருக்க முன்னால் போர்டிகோவை நீட்டிக்கொண்டேன். நிலவு வைத்து, கதவு மாட்டி, பால் காய்ச்ச நாள் குறித்தோம்.

பால் காய்ச்சுகிற அன்று மாமா சீர் கொண்டுவந்தார். அண்ணன் கொண்டுவரும் சீரைத் தங்கை வாசலில் நின்று எதிர்கொண்டு வாங்க வேண்டும், அதுதான் முறை. தேங்காய், பழம், புடவை வைத்த தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு மாமா படியேறினார். பின்னால் அத்தையும் உறவுக்காரர்களும். அம்மா வாசலில் குங்குமச் சிமிழோடு நின்றிருந்தாள். மாமாவைப் பார்த்தாள். சட்டென்று உள்ளே திரும்பி, கதவை அவர் முகத்துக்கு நேராகச் சாத்தினாள். உள்ளே பித்தளைத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

யார் கையிலிருந்தோ ஒரு தேங்காய் உருண்டு வாசல் மணலில் விழுந்தது.

"அட கெரகமே! சீர் கொண்டாந்த அண்ணன் மூஞ்சியில கதவைச் சாத்தறாளே!" என்றார் அத்தை. "ஏனம்மிணி, உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? நல்ல நேரம் போகுது!"

நான் கதவை நோக்கி ஓடப் பார்த்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா தாம்பாளத்தை அத்தையிடம் கொடுத்தார். வயதான மனுசர், முட்டியைப் பிடித்துக்கொண்டு குனியப் போனார், கதவின் அடிப்பக்கமாக. பிறகு முக உயரத்தில் சன்னல் இருப்பதைக் கண்டு நிமிர்ந்தார். கதவைத் தட்டினார்.

குட்டிக் கதவு திறந்தது. பித்தளைக் கம்பிக்குப் பின்னால் அம்மாவின் குரல்.

"யாரு?"

"நாந்தான் அம்மிணி. அண்ணன்."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து, மாமாவின் முதுகைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"போயிடலீங்களே?"

"இல்ல சாமி. இங்கதான் நிக்கறேன்."

உள்ளே தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது.

"வாங்கண்ணா" என்றாள் அம்மா.